பாக்டீரியாவுக்குப் பசிக்குதுன்னு யார் சொல்றது?

#1 செவ்வந்தி டீச்சர் | ஞாயிறு இரவு 8.50

எல்லோருக்கும் வணக்கம். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் எடுக்கிறேன். வெள்ளிக்கிழமை லாக் ஓபெரான் (பாக்டீரியா லாக்டோஸைத் தின்ன உதவும் மரபணுத் தொகுப்பு) நடத்தி முடித்ததும் கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்தாள். "மிஸ், குளுக்கோஸ் தீர்ந்தா லாக்டோஸுக்கு மாறிக்குது, சரி. ரெண்டுமே இல்லேன்னா? அதுக்கு வயிறும் இல்ல, மூளையும் இல்ல. பசிக்குதுன்னு அதுக்கு யார் சொல்றது?"

"திங்கட்கிழமை சொல்றேன்" என்று தப்பித்து வந்துவிட்டேன். வளர்ச்சி வளைகோட்டில் ஒரு சமதளம் வரைந்து ‘உணவு தீர்ந்ததால் வளர்ச்சி நிற்கிறது’ என்று எழுதிப் போடுவோமே, அதற்கு மேல் எனக்கே தெளிவில்லை. அந்தச் சமதளத்துக்குள் என்னதான் நடக்கிறது? நாளைக்கு அவள் என்னை விடமாட்டாள். உதவுங்கள்.

#2 நுண்ணோக்கி | ஞாயிறு இரவு 10.05

டீச்சர், அந்தப் பிள்ளைக்கு என் சார்பில் ஒரு சாக்லேட் வாங்கிக் கொடுங்கள்.

முதலில் ஒரு கணக்கு. நம் குடலில் வாழும் பாக்டீரியாவான ஈ.கோலையை எடுத்துக்கொள்வோம். வேகமாக வளரும் ஈ.கோலை செல் ஒன்றில் ஏறக்குறைய 70,000 ரைபோசோம்கள், அதாவது புரதம் கட்டும் இயந்திரங்கள், இருக்கும். செல்லில் உள்ள ஆர்.என்.ஏ.வில் 80 சதவீதத்துக்கு மேல் ரைபோசோம்களில்தான் இருக்கிறது. ரைபோசோமைக் கொத்தனார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அமினோ அமிலம் செங்கல். அதைத் தூக்கி வரும் டிஆர்என்ஏ சித்தாள். செங்கல் வராத நாளில் புதுசாகக் கொத்தனார்களை வேலைக்குச் சேர்ப்பவன் போண்டியாகிவிடுவான். ஈ.கோலைக்கு இது தெரியும். அமினோ அமிலம் தீர்ந்த உடனேயே ரைபோசோம் ஆர்.என்.ஏ. செய்வதை நிறுத்திவிடும்.

நிறுத்தத் தெரியாத திரிபு ஒன்றும் உண்டு. செங்கலே இல்லாதபோதும் கொத்தனார் சேர்த்துக்கொண்டே இருக்கும். அதற்குக் காரணம் ஒரு குறிப்பிட்ட மரபணு இடம் என்று 1961-இல் குந்தர் ஸ்டென்ட்டும் சிட்னி பிரென்னரும் காட்டினார்கள். அதன் பிறகு எட்டு வருஷம் கழித்து, 1969-இல், மைக்கேல் கேஷலும் ஜொனாதன் கேலன்ட்டும் கதிரியக்கமுள்ள பாஸ்பரஸ்-32 ஊட்டிய செல்களைப் பட்டினி போட்டார்கள். சாற்றை மெல்லிய தகட்டில் ஏறவிட்டு எக்ஸ்ரே ஃபிலிமில் பதித்துப் பார்த்தால், வழக்கமான புள்ளிகளோடு இரண்டு புதுப் புள்ளிகள். நிறுத்தத் தெரியாத அந்தத் திரிபில் மட்டும் அவை வரவில்லை. என்ன பொருள் என்று தெரியாததால் ‘மாயப் புள்ளி’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

பிறகு ஆராய்ந்ததில் அது நமக்குத் தெரிந்த ஜிடிபிதான் (குவனோசினோடு இரண்டு பாஸ்பேட்), அதன் இன்னொரு பக்கத்தில் கூடுதலாக இரண்டு பாஸ்பேட் ஒட்டிக்கொண்டிருந்தது. மூன்று பாஸ்பேட் உள்ள ஜிடிபி-யின் அண்ணனிலும் அதே ஒட்டு, அதுதான் இரண்டாவது புள்ளி. இன்று பிபிஜிபிபி என்கிறோம்.

இதைச் செய்யும் நொதி ரெல்ஏ. அதுதான் மேஸ்திரி. ரைபோசோமோடு ஒட்டி உட்கார்ந்திருக்கும். சித்தாள் வெறும் சட்டியோடு வந்து, அதாவது அமினோ அமிலம் ஏறாத டிஆர்என்ஏ வந்து, ரைபோசோமின் ‘ஏ’ இடத்தில் நின்றால் மேஸ்திரிக்கு உறைக்கும். இதை 1973-லேயே சோதனைக் குழாயில் காட்டிவிட்டார்கள். 2016-இல் உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படமே எடுத்தார்கள். ரெல்ஏ அந்த டிஆர்என்ஏ-யின் நுனியை வளைத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்த நுனியில் அமினோ அமிலம் இருந்தால் பிடியே பொருந்தாது. சட்டி காலி என்று கைவைத்துப் பார்த்துத்தான் ஒப்புக்கொள்கிறது.

ஆகவே அவளுக்குச் சொல்லுங்கள்: பாக்டீரியா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து ‘சோறு இருக்கிறதா’ என்று கேட்பதில்லை. உள்ளே வேலை எங்கே நின்றது என்று பார்க்கிறது.

#3 கரிசல் | ஞாயிறு இரவு 10.31

அண்ணே, எங்க சைட்ல இந்த மேஸ்திரி இருந்தா நல்லாருக்கும். செங்கல் தீர்ந்து ரெண்டு நாள் ஆனப்புறம்தான் இவங்க போன் பண்ணுவாங்க.

கேள்வி: காலி சட்டி ஒண்ணு வந்தாலே ஊரையே நிறுத்திருமா? எவ்வளவு நேரத்துல?

#4 நுண்ணோக்கி | ஞாயிறு இரவு 11.02

கரிசல் தம்பி, சில நொடிகளில் ஏற ஆரம்பிக்கும், சில நிமிஷத்தில் பத்து மடங்குக்கு மேல் போய்விடும். ஒரு காலி சட்டிக்கு ஒரு மூலக்கூறு என்றில்லை. ரெல்ஏ ஒருமுறை விழித்துக்கொண்டால், செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி-யிலிருந்து இரண்டு பாஸ்பேட்டாகப் பிய்த்துப் பிய்த்து ஒட்டிக்கொண்டே இருக்கும்.

பிபிஜிபிபி போய் உட்காருவது ஆர்.என்.ஏ. பாலிமரேஸில், அதாவது மரபணுவைப் படித்து ஆர்.என்.ஏ. எழுதும் நொதியில். டிகேஎஸ்ஏ என்ற சிறு புரதமும் கூட்டுச் சேரும். ரைபோசோம் ஆர்.என்.ஏ.வுக்கான மரபணுக்கள் அடங்கிப்போகும். அமினோ அமிலத்தைத் தானே தயாரிக்கும் மரபணுக்கள் எழும்பும். ஆள் எடுப்பதை நிறுத்தி, சூளை போட ஆரம்பிக்கிறது என்று சொல்லலாம்.

ஒரு வேடிக்கை. தொண்ணூறுகளில் எம்.எஸ்சி. புராஜெக்டுக்கு இந்தப் புள்ளிகளை நானே பார்த்திருக்கிறேன், பெர்ஸ்பெக்ஸ் தடுப்புக்குப் பின்னால் நின்று கைநடுக்கத்தோடு. செல்களைப் பட்டினி போட நாங்கள் எதையும் எடுக்கவில்லை. வேலின் என்ற அமினோ அமிலத்தைச் *சேர்த்தோம்*. ஈ.கோலை கே-12 வகைக்கு அது போதும். வேலினும் ஐசோலூசினும் ஒரே நொதிகளின் வழியாகத் தயாராகின்றன. வேலின் நிறைய இருந்தால் அந்த முதல் நொதி அடைத்துக்கொள்ளும், ஐசோலூசின் வராது. வேலினுக்கு மசியாத மாற்று நொதி ஒன்று உண்டு, ஆனால் கே-12-இல் அதன் மரபணு உடைந்து கிடக்கிறது. சாப்பாடு போட்டே பட்டினி. எட்டிப் பார்ப்பதில்லை என்று சொன்னேனே, அதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

#5 சொல்லாய்வி | திங்கள் காலை 6.15

இந்த நிகழ்வுக்கு ஆங்கிலத்தில் உள்ள ‘ஸ்ட்ரின்ஜென்ட் ரெஸ்பான்ஸ்’ என்ற பெயரைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று ஒருவரும் பேசவில்லை. ‘கண்டிப்பு எதிர்வினை’, ‘இறுக்கத் துலங்கல்’ என்ற இரண்டையும் முன்மொழிகிறேன்.

#6 கரிசல் | திங்கள் காலை 6.40

‘கறார்’. கறார் எதிர்வினை. முடிஞ்சுது.

#7 சொல்லாய்வி | திங்கள் காலை 6.48

கறார் தமிழ்ச்சொல் அன்று.

#8 கரிசல் | திங்கள் காலை 6.50

பாக்டீரியாவும் தமிழ்ச்சொல் இல்லய்யா.

#9 நுண்ணோக்கி | திங்கள் காலை 7.20

எனக்குக் கறார் பிடித்திருக்கிறது. நிறுத்தத் தெரியாத திரிபை ‘தளர்ந்தது’ என்பார்கள், அதற்கு எதிராகக் கறார் நன்றாகவே நிற்கிறது. சொல்லாய்வி ஐயா கோபிக்க வேண்டாம், சொல் பற்றிப் பேச தனி இழை திறந்தால் நானும் வருகிறேன்.

#10 செவ்வந்தி டீச்சர் | திங்கள் மாலை 5.35

கொத்தனார் கதை வகுப்பில் அமோகம். பிள்ளைகளில் பாதிப் பேரின் அப்பாக்கள் கட்டட வேலை. மேஸ்திரி என்றதும் சிரிப்பு அடங்கவில்லை.

ஆனால் அவள் சிரிக்கவில்லை. "அமினோ அமிலம் தீர்ந்தா சரி மிஸ். குளுக்கோஸ் தீர்ந்தா எந்தச் சட்டி காலியாகும்?" என்றாள். குளுக்கோஸ் குறைந்தால் சைக்ளிக் ஏஎம்பி (செல்லுக்குள் சேதி சொல்லும் சிறு மூலக்கூறு) கூடும், அதனால்தான் லாக்டோஸுக்கு மாறுகிறது என்று சொல்லி வைத்தேன். சரிதானே?

#11 முள்முருங்கை | திங்கள் இரவு 9.18

பாதி சரி, அக்கா. மீதிப் பாதி எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கப்பட்ட தப்பு. நானும் அதை எழுதித்தான் மார்க் வாங்கினேன்.

கதை ழாக் மோனோவிடம் தொடங்குகிறது. 1940 டிசம்பர், ஜெர்மானியர் பிடியில் இருந்த பாரிஸ். பாக்டீரியாவுக்கு இரண்டு சர்க்கரைகளைக் கலந்து கொடுத்தால் சில ஜோடிகளில் வளர்ச்சி இரண்டு படியாக வருவதை, நடுவே ஒரு தேக்கத்தோடு, அவர் பார்த்துக்கொண்டிருந்தார். 1941-இல் அது அவருடைய முனைவர் பட்ட ஆய்வேடானது. 1965-இல் நோபல் பரிசு. ஈ.கோலையில் குளுக்கோஸ் இருக்கும்போது சைக்ளிக் ஏஎம்பி குறைகிறது என்பதும் அதே 1965-இல்தான் தெரியவந்தது. இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டார்கள்: குளுக்கோஸ் இருந்தால் சைக்ளிக் ஏஎம்பி இல்லை, அதனால் லாக் மரபணு எழும்பாது.

1996-இல் ஜப்பானில் இனாடா, கிமாட்டா, அய்பா மூவரும் நேரடியாக அளந்து பார்த்தார்கள். குளுக்கோஸ் தின்னும் கட்டத்திலும் லாக்டோஸ் தின்னும் கட்டத்திலும் சைக்ளிக் ஏஎம்பி ஏறத்தாழ ஒரே அளவு! நடுவே தேக்கத்தில் மட்டும் கொஞ்ச நேரம் ஏறுகிறது. லாக்டோஸைத் தள்ளிப்போடுவது வேறொன்று. குளுக்கோஸ் உள்ளே வரும்போது ஒரு பாஸ்பேட் கைமாறிக் கைமாறி வந்து அதன் மேல் ஒட்டும். அந்த வரிசையில் கடைசிக்கு முந்தின கை ‘ஐஐஏ’ என்ற புரதம். குளுக்கோஸ் வந்துகொண்டிருந்தால் அந்தக் கையில் பாஸ்பேட் தங்காது. வெறுங்கையாக இருக்கும் ஐஐஏ நேரே போய் லாக்டோஸ் நுழையும் கதவைப் பிடித்து அடைத்துவிடும். லாக்டோஸ் உள்ளே வந்தால்தானே மரபணு எழும்ப?

குளுக்கோஸ் நின்றால் ஐஐஏ-யின் கையில் பாஸ்பேட் தேங்கும். தேங்கின கை சைக்ளிக் ஏஎம்பி செய்யும் நொதியைத் தட்டி எழுப்பும். ஆக உங்கள் மாணவிக்குப் பதில்: இங்கே காலியாவது சட்டி இல்லை, கை *நிறைந்தே* நிற்கிறது. இறக்கிவைக்க இடமில்லாமல்.

#12 நுண்ணோக்கி | திங்கள் இரவு 9.55

முள்முருங்கைக்கு நன்றி, இந்தத் திருத்தம் எனக்கே பல வருஷம் தெரியாது. என் கட்சிக்கும் இது சாதகம்தான். இதுவும் நின்றுபோன வேலையைப் பார்ப்பதே. நைட்ரஜனும் அப்படித்தான். வெளியே அம்மோனியம் குறைந்ததை, உள்ளே குளூட்டமின் குறைந்ததை வைத்தே தெரிந்துகொள்கிறது. பிஐஐ என்ற புரதத்துக்கு அதைப் பொறுத்து ஒரு முத்திரை குத்தப்படும். முத்திரை விழுந்தால் என்டிஆர்பி என்ற நொதி என்டிஆர்சி-க்குப் பாஸ்பேட்டைக் கொடுக்கும், என்டிஆர்சி நைட்ரஜன் தேடும் மரபணுக்களை எழுப்பும். பாஸ்பேட் இப்படிக் கைமாறுவதை 1986-இல் நின்ஃபாவும் மகசானிக்கும் காட்டினார்கள். அந்த என்டிஆர்சி ரெல்ஏ-யின் மரபணுவையும் சேர்த்தே எழுப்புகிறது என்று 2014-இல் தெரியவந்தது. அதாவது நைட்ரஜன் குறைந்தால் மேஸ்திரியும் கூடுதலாக வருகிறார்.

#13 முள்முருங்கை | திங்கள் இரவு 10.20

> எட்டிப் பார்ப்பதில்லை

இதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன் ஐயா. பாஸ்பேட்டை எடுங்கள். வெளியே பாஸ்பேட் 4 மைக்ரோமோலாருக்குக் கீழே இறங்கினால் சவ்வில் உள்ள ஃபோஆர், ஃபோபி-க்குச் சேதி சொல்லி ஒரு பெரிய மரபணுக் கூட்டமே எழும்புகிறது. உள்ளே பாஸ்பேட் அப்போது மில்லிமோலார் கணக்கில் இருக்கும். வேலை எதுவும் நிற்கவில்லை. இது எட்டிப் பார்ப்பது இல்லாமல் வேறென்ன?

#14 நுண்ணோக்கி | திங்கள் இரவு 10.58

பிடித்துவிட்டீர்கள். ஆனால் யாரைக் கேட்டு ஃபோஆர் சேதி சொல்கிறது? பிஎஸ்டி என்ற வாயிற்காவலனை. பாஸ்பேட்டை உள்ளே இழுக்கும் கடத்தி அது. அந்தக் காவலனின் மரபணுவை நீக்கிவிட்டு, வெளியே பாஸ்பேட்டைக் கொட்டிப் பாருங்கள். வேறொரு கடத்தி வழியாக பாஸ்பேட் தாராளமாக உள்ளே வரும். ஆனாலும் செல் ‘பாஸ்பேட் இல்லை, பாஸ்பேட் இல்லை’ என்று கத்திக்கொண்டே இருக்கும். வெளியே உள்ளதை நேரே அளந்திருந்தால் ஏன் ஏமாற வேண்டும்? அங்கேயும் அது பார்ப்பது காவலனின் கை ஓடுகிறதா என்பதைத்தான்.

#15 முள்முருங்கை | திங்கள் இரவு 11.10

காவலன் வாசலில்தானே நிற்கிறான்? வாசலில் நிற்பவனைக் கேட்பது எட்டிப் பார்ப்பதுதான் எங்கள் ஊரில். ‘உள்ளே நின்ற வேலை’ என்ற சூத்திரத்தைப் பாஸ்பேட்டுக்கு நீட்டாதீர்கள், அவ்வளவுதான் சொல்வேன்.

#16 நுண்ணோக்கி | செவ்வாய் காலை 6.30

சரி, ‘உள்ளே’ என்பதைத் திரும்பப் பெறுகிறேன். ‘வேலை’ இருக்கட்டும்.

#17 வெள்ளாற்றங்கரை | செவ்வாய் மதியம் 1.15

எல்லோரும் ஈ.கோலையையே சுற்றி வருகிறீர்கள். நான் பேசில்லஸ் ஆள், அதனால் என் பங்குக்கு.

பேசில்லஸ் சப்டிலிஸிலும் பிபிஜிபிபி உண்டு. ஆனால் அது பாலிமரேஸில் போய் உட்காருவதில்லை. ஜிடிபி, ஜிஎம்பி தயாரிக்கும் நொதிகளை அழுத்திப் பிடித்து, செல்லில் மூன்று பாஸ்பேட் குவனோசினின் அளவையே குறைத்துவிடுகிறது. அங்கே ரைபோசோம் ஆர்.என்.ஏ.வின் முதல் எழுத்தே குவனோசின். சரக்கு இல்லையென்றால் எழுத்து தொடங்காது. ஒரே மாயப் புள்ளி, ஊருக்கு ஊர் வேறு வேலை.

பட்டினி நீண்டால் அது வித்தாகிவிடும், அதாவது ஸ்போர். ஆனால் அவசரப்படாது. வித்தாக ஏழெட்டு மணிநேரம் ஆகும், பாதிக்கு மேல் போனால் திரும்ப முடியாது. அதனால் முடிவெடுக்க ஒரே கையை நம்புவதில்லை. கைனேஸ், அதாவது பாஸ்பேட் ஒட்டும் நொதி, ஒன்று பாஸ்பேட்டை ஸ்போ0எஃப் என்ற புரதத்திடம் கொடுக்கும், அது ஸ்போ0பி-யிடம், அது ஸ்போ0ஏ-யிடம். 1991-இல் இந்தச் சங்கிலியைக் கண்டார்கள். எங்கள் தாலுகா ஆபீஸில் பட்டா மாற்றுவது போல, எந்த மேஜையிலும் கோப்பை நிறுத்தலாம். டி.என்.ஏ. பழுதானால் ஒரு மேஜையில் நிற்கும், இன்னொரு காரணத்துக்கு இன்னொரு மேஜை.

அதைவிடக் கொடூரம் ஒன்று உண்டு. 2003-இல் ரிச்சர்ட் லோசிக் குழு கண்டது. ஒரே குளத்தில் பட்டினி கிடக்கும் செல்களில் சிலவற்றில் மட்டும் ஸ்போ0ஏ முதலில் விழிக்கும். விழித்தவை ஒரு நஞ்சைக் கக்கும், தங்களுக்கு மட்டும் அதன் முறிவை வைத்துக்கொள்ளும். விழிக்காத உடன்பிறப்புகள் வெடித்துச் சாகும். அதைத் தின்று, வித்தாவதை இன்னும் கொஞ்ச நேரம் தள்ளிப்போடும்.

#18 கரிசல் | செவ்வாய் மதியம் 1.22

சாப்பிட்டுக்கிட்டே படிச்சேன். தப்பு பண்ணிட்டேன்.

#19 மாடித்தோட்டம் | செவ்வாய் மாலை 4.00

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். நேற்று வைத்த சோறு, ஃபிரிஜ்ஜில் வைக்கவில்லை, இன்று சூடு பண்ணிச் சாப்பிடலாமா? அதிலும் ஏதோ பேசில்லஸ் என்றார்களே?

#20 வெள்ளாற்றங்கரை | செவ்வாய் மாலை 4.25

அது பேசில்லஸ் சீரியஸ், இதன் பங்காளி. அதன் வித்து சோறு கொதிப்பதைத் தாங்கிவிடும். பிறகு வெதுவெதுப்பில் முளைத்து நஞ்சு விடும், வாந்தி எடுக்க வைக்கும் அந்த நஞ்சு திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது. கொட்டிவிடுங்கள்.

#21 நெறியாளர் | செவ்வாய் மாலை 4.40

சமையல் கேள்விகளுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. இழை தலைப்புக்குள் ஓடட்டும்.

#22 மருந்துச்சீட்டு | செவ்வாய் இரவு 8.30

டீச்சர், காசநோயையும் சேர்த்துச் சொல்லுங்கள், பிள்ளைகளுக்கு மனதில் தங்கும். காசநோய்க் கிருமியிடமும் மாயப் புள்ளி செய்யும் ரெல் நொதி இருக்கிறது. செய்வதும் உடைப்பதும் அங்கே ஒரே நொதி. அந்த மரபணுவை நீக்கிய கிருமியை எலிகளுக்குக் கொடுத்த ஆய்வு 2003-இல் வந்தது. நுரையீரலில் நீண்ட காலம் தாக்குப்பிடிக்க அதனால் முடியவில்லை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் திபங்கர் சாட்டர்ஜி குழுவினர் மைக்கோபாக்டீரியாவின் இந்த நொதியில் வருஷக்கணக்காக வேலை பார்த்தவர்கள்.

பசித்த கிருமி வளர்வதில்லை. பெனிசிலின் போன்ற மருந்துகள் வளர்கிறவற்றைத்தான் கொல்லும். 1944-லேயே ஜோசப் பிக்கர் இதைக் கவனித்தார்: பெனிசிலின் போட்டும் ஸ்டெஃபைலோகாக்கஸில் சில சாகாமல் மிஞ்சுகின்றன, ஆனால் அவற்றின் சந்ததிக்கு எதிர்ப்பு சக்தி கிடையாது. பிபிஜிபிபி ஏறி, நச்சு–முறிவு ஜோடிகளைத் தூண்டி, அதனால் செல் தூங்கிவிடுகிறது என்பதுதான் அதன் இயங்குமுறை.

#23 முள்முருங்கை | செவ்வாய் இரவு 9.05

கடைசி வாக்கியத்தை அழித்துவிடுங்கள் நண்பரே. அந்த நச்சு–முறிவுச் சங்கிலியைச் சொன்ன முக்கியமான கட்டுரைகள் 2018-இல் திரும்பப் பெறப்பட்டன. அவர்கள் பயன்படுத்திய ஈ.கோலை திரிபுகளில் ஃபை-80 என்ற வைரஸ் தெரியாமல் புகுந்து குடியிருந்தது. மருந்தில் செத்தவற்றில் ஒரு பங்கு அந்த வைரஸால் செத்தவை. தவறைக் கண்டுபிடித்து வெளியே சொன்னதும் அதே ஆய்வகம்தான், அதற்கு மரியாதை கொடுக்கத்தான் வேண்டும். பட்டினிக்கும் மருந்துக்குத் தப்புவதற்கும் தொடர்பு இருப்பது வேறு விஷயம், அது நிற்கிறது. இந்தக் குறிப்பிட்ட படிகள்தான் நிற்கவில்லை.

#24 மருந்துச்சீட்டு | செவ்வாய் இரவு 9.12

அடடா. நான் பழைய நோட்ஸிலிருந்து எடுத்தேன். நன்றி.

#25 செவ்வந்தி டீச்சர் | புதன் மாலை 6.10

இன்று அவளுக்கு முழுசாகச் சொன்னேன். சித்தாள், காவலன், தாலுகா ஆபீஸ் எல்லாம். உடன்பிறப்பைத் தின்னும் கதைக்கு வகுப்பே ‘ச்சீ’ என்றது.

அவள் கேட்டது இது: "மிஸ், பசி வந்தா கறாரா இருக்கறதுதான் புத்திசாலித்தனம்னா, கறார் இல்லாத திரிபு எல்லாம் எப்பவோ அழிஞ்சிருக்கணுமே?" எனக்கு வாயடைத்துவிட்டது.

#26 நுண்ணோக்கி | புதன் இரவு 9.40

இந்தப் பிள்ளை நம்மையெல்லாம் வேலை வாங்குகிறாள்.

அவளுக்கு ஈடான ஒரு சோதனை 1993-இல் நடந்தது. ராபர்ட்டோ கோல்ட்டர் ஆய்வகத்தில் மரியா சம்ப்ரானோ செய்தது. பட்டினிக் காலத்தில் ஈ.கோலையைக் காப்பாற்றும் பெரிய தளபதி ஆர்பிஓஎஸ் என்ற சிக்மா புரதம். அது பல மரபணுக்களை எழுப்பி செல்லை இறுகச் செய்யும். பிபிஜிபிபி ஏறினால் அதுவும் ஏறும்.

சாப்பாடு போடாமல் பத்து நாள் கிடந்த குடுவையிலிருந்து கொஞ்சம் செல்களை எடுத்து, ஒரே ஒரு நாள் வயசான குடுவையில் சிறுபான்மையாகக் கலந்தார்கள். சில நாளில் கிழவர்கள் குடுவையைப் பிடித்துவிட்டார்கள். ஏன் என்று பார்த்தால் அவர்களிடம் ஆர்பிஓஎஸ் மரபணு *பழுது*. முழுதாகப் போகவில்லை, பலம் குறைந்திருந்தது. செத்த செல்களிலிருந்து அமினோ அமிலம் கசிந்துகொண்டிருக்கிறது. எல்லோரும் இறுகிப்போய் உட்கார்ந்திருக்கும்போது, கொஞ்சம் தளர்ந்தவன் அதைத் தின்று பெருகிவிடுகிறான்.

ஆனால் அதே தளர்ந்தவனை அமிலத்திலோ சூட்டிலோ போட்டால் முதலில் சாவது அவன்தான்.

#27 கரிசல் | புதன் இரவு 9.52

அப்ப எது சரி?

#28 நுண்ணோக்கி | புதன் இரவு 10.03

குடுவையைப் பொறுத்தது, தம்பி. டீச்சர், அவளுக்குப் பிளஸ் டூ முடிந்ததும் எங்கே சேரப்போகிறாளாம்?

#29 செவ்வந்தி டீச்சர் | புதன் இரவு 10.20

கேட்டேன். நர்சிங் என்கிறாள். இந்த இழையைப் பிரிண்ட் எடுத்துத் தரச் சொல்லியிருக்கிறாள். மாடித்தோட்டத்தின் சோற்றுக் கேள்வியையும் விடாமல்.